எழுந்து நிற்காத மகள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று கோவில்பட்டியில் சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறேன்; தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். யார் தயவும் இல்லாமல் வந்தவன் என்று எந்த மேடையிலும் சொல்வேன்.

என் கடைசி மகள் செல்விக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வகுப்பு தொடங்குமுன், கோடை விடுமுறையிலேயே புதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வைத்தார்கள். முதல் நாள் பெற்றோரும் வரலாம் என்றார்கள். வெள்ளை வேட்டி சட்டையில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஆசிரியர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "அப்பா அம்மா படிக்காத பிள்ளைகள் எழுந்திருங்க" என்றார். ஏதோ எனக்கே பொன்னாடை போர்த்தப் போவதுபோல நெஞ்சை நிமிர்த்தினேன். பலர் எழுந்தார்கள். செல்வி எழவில்லை. அவர் மேலே பேசிய எதுவும் எனக்குக் காதில் விழவில்லை. அவ்வளவு கோபம்.

இடைவேளையில் வராந்தாவில் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"ஏட்டி, என்னய அப்பன்னு சொல்ல வெக்கமா இருக்கோ?"

அவள் கண் கலங்கிவிட்டது. "வெக்கமா? எந்திரிச்ச பிள்ளைகளப் பாத்து, 'பாவம், வீட்டுல ஒண்ணும் தெரியாதவிய'ன்னு அந்த சார் சொன்னாவல்லா, கேக்கலையா? இப்படித்தான் சொல்லுவாவன்னு தெரிஞ்சும், உங்கள அப்படிச் சொல்லக் கேட்டுக்கிட்டு நான் எந்திரிச்சு நிக்கணுமாக்கும்?"

நேரே அந்த ஆசிரியரிடம் போனேன். "என் ஆபீஸ்ல வேல பாக்குற ஒரு பொம்பளையக்கூட எழுப்பி நிப்பாட்டி வீட்டுக் குறையக் கேட்டதில்ல சார்" என்றேன்.

"நல்லதுக்குத்தான அண்ணாச்சி" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் அவர் பேசியதைச் செல்வி அழாமல் தாங்கிக்கொண்டாள். நான் கத்தியதற்குத்தான் அழுதாள்.