மேரியக்காவுக்கு ஒரு டீட்டெயிலிங்

பக்கத்து வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து புகட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு மணம் ஜன்னல் வழியே வந்தது. எனக்கு உடனே என் பழைய கறுப்புப் பை ஞாபகம் வந்துவிட்டது. தொண்ணூறுகளில் நான் மருந்துக் கம்பெனி ரெப். கேரள எல்லையில், பாறசாலை பஸ்ஸில் ஒருநாள் சாம்பிள் சிரப் பாட்டில் உடைந்து, அதன்பிறகு அந்தப் பைக்குள் கையை விட்டால் ஆரஞ்சும் எறும்பும்தான். டாக்டர்கள் என் கார்டை ஒருமுறை உதறிவிட்டுத்தான் படிப்பார்கள்.

பை போதாதென்று கழுத்தில் டை வேறு. அந்த வெயிலில் நெய்யாற்றின்கரைக்கும் பெருங்கடவிளைக்கும் டை கட்டிக்கொண்டு அலைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும். பஸ்ஸில் கழற்றிவிடுவேன், கிளினிக் மதிலோரம் நின்று மறுபடி மாட்டுவேன். "சாறே, கயறு கோணலாக்கும்" என்று டீக்கடைக்காரர் திருத்துவார்.

டை கட்டினால் ஆங்கிலம் தானாக வரும் என்று நம்பிய காலம். படப்புத்தகத்தை விரித்து, மனப்பாடம் செய்ததை டாக்டரிடம் ஒப்பிப்பதற்குப் பெயர் டீட்டெயிலிங். மருந்தின் பெருமையைச் சத்தமாகவும், அது தரும் தொந்தரவை, கேட்டால் மட்டும், மெதுவாகவும் சொல்லப் பழக்கியிருந்தார்கள்.

பாறசாலையில் வீட்டோடு கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மாவிடம் இது செல்லாது. ரெப் வந்தால் அவர் நோயாளியை எழுப்பி வெளியே அனுப்ப மாட்டார். "எனக்க கிட்ட சொல்லாண்டாம் மக்கா. முழுங்கப்போறது இவங்களாக்கும். இவங்களுக்குச் சொல்லு" என்பார். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குப் புரிந்தால்தான் எழுதுவார்.

அப்படி ஒரு மாலையில் மதுரைக்காரரான என் மேனேஜர் கூட வந்தார். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டிலோ எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பயத்தில் டையை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தேன். நோயாளி நாற்காலியில், பொழியூரில் மீன் விற்கும் மேரியக்கா முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். எங்கள் வலி மாத்திரையின் புகழைத் தமிழும் மலையாளமுமாகப் பாடி முடித்தேன்.

"அது செரி மக்களே. வயிறு எரியுமா? நான் வெளுக்குமுன்ன கடப்பொறத்துக்குப் போறவளாக்கும். வயித்துல ஒண்ணும் இருக்காது."

மேனேஜர் என் ஷூவை மிதித்தார். எனக்கு அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"எரியும் அக்கா. வெறும் வயித்துல தின்னப்பிடாது. புண்ணு உண்டும்னா இந்த மாத்திரையே வேண்டாம்."

மேனேஜர் காலை எடுத்துவிட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. டாக்டரம்மா, முன்பு வயிற்றில் புண் ஏதும் உண்டா என்று மேரியக்காவிடம் விசாரித்தார். இல்லை என்றதும், "கஞ்சி குடிச்சிட்டுத்தான் தின்னணும், கேட்டியளா?" என்று எங்கள் மாத்திரையையே எழுதினார்.

வெளியே வந்ததும், "நம்ம மருந்துக்கே எதிர்சாட்சி சொல்றியேய்யா!" என்றார் மேனேஜர். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேலை நிரந்தரமானது. அன்று பட்ட சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இல்லை. மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

டாக்டரம்மா இப்போது இல்லை. கிளினிக் இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஸ்கேன் சென்டர். போன மாதம் முழங்கால் வலி என்று வேறொரு டாக்டரிடம் போயிருந்தேன். உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் வந்து, "சாறே, ரெப்பு வந்திருக்காவ. கொஞ்சம் வெளியில இரிங்க" என்றாள். எழுந்து வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, நான் விழுங்கப்போகும் மாத்திரையைப் பற்றி அவர்கள் பேசினார்கள்.