அப்பா கொடுத்த ஐந்து பாயின்ட்

ஆறாம் வகுப்பில் எங்கள் டீச்சர் ஒரு புதுமை செய்தார். புராஜெக்ட் தலைப்பை நாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார். பள்ளிக்கு வந்திருந்த டேப்லெட்டையும் ஆளுக்கு ஒரு நாள் தருவதாகச் சொன்னார். பாதிப் பேர் எரிமலை என்று எழுதிக் கொடுத்தார்கள். வேதாரண்யம் பக்கம் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு எரிமலை மேல் அப்படி என்ன ஆசையோ. நான் 'எங்கள் கடலில் மீன் எங்கே இருக்கிறது' என்று எழுதினேன். டேப்லெட்டில் மேப் போட்டுக் காட்டிவிடுவதாக வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டும் ஆயிற்று.

அப்பாவின் படகில் ஜிபிஎஸ் கருவி இருந்தது. எங்கே வலை விட்டால் காலா மீன் அகப்படும் என்று அவர் வருஷக்கணக்காக அலைந்து கண்டுபிடித்த இடங்களின் எண்கள் அதற்குள் இருந்தன. பாயின்ட் என்பார்கள். எங்கள் ஊரில் பெண்ணைக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், பாயின்ட்டைக் கொடுக்க மாட்டார்கள்.

சாப்பிடும்போது கேட்டேன். "அப்பா, நல்லா மீன் கெடைக்கிற பாயின்ட்டா அஞ்சு சொல்லுங்க. ஸ்கூலுக்கு வேணும்."

அதே படகில் போகும் சித்தப்பா மெல்வதை நிறுத்திவிட்டார். அப்பா எழுந்து கையைக் கழுவினார். பிறகு கருவியை எடுத்துவந்து, நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

"ஏதாச்சும் தப்பு நம்பரச் சொல்லிவிட வேண்டியதுதானண்ணே," என்றார் சித்தப்பா.

"புள்ள படிப்புக்குக் கேக்குது. அதுல போயி பொய் சொல்லச் சொல்றியா?"

மறுநாள் வகுப்பின் பெரிய திரையில் என் மேப் விரிந்தது. நீலத்தில் ஐந்து சிவப்புப் புள்ளிகள், பக்கத்திலேயே எண்கள். எரிமலைக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. பையன்கள் மும்முரமாக நோட்டில் குறித்துக்கொண்டார்கள். பாடத்தில் அப்படி ஓர் அக்கறை அவர்களுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர்கள் வீட்டிலும் படகு இருந்தது.

சனிக்கிழமை காலை கரையில் ஒரே அமர்க்களம். வந்த படகெல்லாம் காலா. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு பெரிய மீனைத் தூக்கிக் காட்டி, "வாங்க மேப் டீச்சர்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு படகாக ஓடி ஓடி எட்டிப் பார்த்தேன். எங்கள் படகு கடைசியாக வந்தது. கூடையில் பாதிதான் மீன்.

"அப்பா, என் மேப் கரெக்டுப்பா. ஊருக்கே மீனு."

"எத்தன மார்க் போட்டாங்க?"

"பத்துக்குப் பத்து."

"அப்பறம் என்ன," என்று அப்பா ஈரக் கையால் என் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார்.

சித்தப்பா மட்டும் உம்மென்று வலையை உதறிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லையே என்று வருத்தம் போலிருக்கிறது என நினைத்தேன். பாவமாக இருந்தது. கிட்டே போய், அடுத்த புராஜெக்ட்டுக்கு மிச்சப் பாயின்ட்டை எல்லாம் அவரிடமே கேட்டுக்கொள்வதாக ஆறுதல் சொன்னேன்.