தயிர்ச் சட்டியில் ஒரு தேவதை

விரல் உயரத் தேவதைக்கு ஐஸ்கிரீம் குச்சியில் வீடு கட்டி, பாசியில் புல்வெளி விரித்து, எல்லாவற்றையும் ஒரு மண்சட்டிக்குள் அடக்கி விற்பது என் தொழில். வீட்டிலிருந்தே எதையாவது செய்துவிட்டு, வாங்க வருகிறவர்களிடம் பேசத்தான் வாய் வராமல் தவிக்கும் சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இது.

அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகிக் கொல்கத்தா வந்து ஆறு வருடம் ஆகிறது. டாக்குரியா என்கிற பகுதியில் மூன்றாம் மாடி. தாவரவியல் பட்டம் வாங்கிய நான் பால்கனியை ஆக்கிரமித்துக்கொண்டிருப்பதை ஒரு வருடம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, ஆவணி மாதத்தில் ஒருநாள் அவர் தீர்ப்புச் சொன்னார். "வாங்கினவங்கள்ல ஒரே ஒருத்தர் திரும்பி வந்து இன்னொண்ணு கேக்கட்டும், இது தொழில்னு ஒத்துக்கறேன். தீபாவளியன்னிக்கு வர்ற காளி பூஜைக்குள்ள யாரும் வரலேன்னா இது பொழுதுபோக்கு. நீ பேங்க் பரீட்சை வகுப்புல சேர்ந்துடணும்." வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நாளுக்கு இருநூறு பேரிடம் பேச வேண்டியிருக்கும். வேறு வழியில்லாமல் சரி என்றேன். வாங்கியவர்கள் உண்மையிலேயே திரும்பி வந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எறும்பின் சான்றிதழ்

இந்த ஊரில் இனிப்புத் தயிர் மண்சட்டியில் வரும். தின்றதும் சட்டியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அகலமான வாய், நல்ல சிவப்பு, எனக்கு வேறென்ன வேண்டும்? கழுவிக் காய வைத்து, அதில் ஒரு தோட்டம் அமைத்து எதிர்வீட்டு மாஷிமாவுக்குக் கொடுத்தேன். மாஷிமா என்றால் அம்மாவின் சகோதரி முறை. அறுபது தாண்டிய பெண்கள் எல்லோரும் இங்கே மாஷிமாதான். சுட்ட மண் சர்க்கரைப் பாகை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதை மூன்று வருடப் படிப்பில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான்காம் நாள் சட்டியும் கையுமாக வந்து நின்றார். எறும்புகள் தேவதையின் வீட்டு ஜன்னல் வழியாக நுழைந்து, புகைபோக்கி வழியாக வெளியேறிக்கொண்டிருந்தன. தேவதை இடுப்பளவு எறும்பில் நின்றாள். மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்க முயன்று, முடியாமல், சட்டியை வாங்கக் கை நீட்டினேன். மாஷிமா திட்டவில்லை. சட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். இன்னொன்று கேட்கப்போகிறார் என்று ஒரு நொடி நம்பிவிட்டேன்.

"எந்தக் கடைத் தயிர்னு மட்டும் சொல்லும்மா. மூணு மாடி ஏறி எறும்பு வருதுன்னா நல்ல கடையாத்தான் இருக்கும்."

ஒன்பது வயதுக் கை

பாலிகஞ்சிலிருந்து ஒரு அம்மையார் வந்தார். மகளின் பள்ளியில் செய்முறைப் போட்டி. குழந்தைகள் தாங்களே செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை. அதனால் என்னிடம் வந்திருந்தார். நிபந்தனை ஒன்றுதான்: ஒன்பது வயதுக் கை செய்தது போல இருக்க வேண்டும். "உனக்குத்தான் இது கஷ்டமே இல்லையே" என்றும் சொன்னார். அது பாராட்டா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேராகச் செய்வதைவிடக் கோணலாகச் செய்வது கடினம். கூரையை ஒரு பக்கம் சாய்த்தேன். பசையை வழியவிட்டேன். ஈரச் சாயத்தின்மேல் சுண்டுவிரலைப் பதித்து, அது ஒன்பது வயது ரேகையாகத் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிள்ளை அந்த இரண்டு நாளும் நீச்சல் வகுப்பில் இருந்ததாம். பத்து நாள் கழித்து அம்மையார் மறுபடி வந்தபோது அப்பாவுக்குக் கேட்கும்படியாகக் கதவை அகலத் திறந்தேன். அவர் உள்ளே வரவில்லை. பரிசு கிடைக்காத கோபம் செருப்பைக் கழற்றவிடவில்லை.

"மத்த பசங்க கொண்டுவந்தது எல்லாம் எவ்வளவு நேர்த்தி தெரியுமா! எங்க வீட்டுது மட்டும்தான் அசிங்கமா, ஏதோ குழந்தை செஞ்ச மாதிரி இருந்தது."

காளான்

மழைக்காலத்தில் இந்த ஊரில் சுவரே வியர்க்கும். நான் களிமண்ணில் உருட்டி, சிவப்புச் சாயம் பூசி, வெள்ளைப் புள்ளி வைத்து நட்ட மூன்று காளான்களுக்குப் பக்கத்தில், ஒரு வாடிக்கையாளர் வீட்டில் நிஜக் காளான் ஒரு கொத்து முளைத்துவிட்டது. போனில் படம் அனுப்பினார். வேறு சட்டி மாற்றிக் கொடுத்து, அதையே இரண்டாவது என்று அப்பாவிடம் கணக்குக் காட்டலாமா என்று யோசிப்பதற்குள் குரல் பதிவும் வந்துவிட்டது.

"நீ வந்து எதையும் எடுக்காதே. எடுக்கறதா இருந்தா நீ வச்ச மூணையும் எடுத்துடு, தானா வந்ததுதான் பாக்க நல்லா இருக்கு."

வீடில்லாத பேய்கள்

பேத்திக்காக ஒரு தோட்டம் வாங்கிப்போன, ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் ஒரு ஞாயிறு காலை திரும்பி வந்தார். அவரைக் காகு என்று கூப்பிடுவேன், சித்தப்பா முறை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இந்த இறக்கை வச்ச பொண்ணு யாரு? இவளுக்கு இங்க என்ன வேலை? துரைமார் போயே எவ்வளவு காலமாச்சு!" என்று ஆரம்பித்தார். அம்மா தேநீர் கொடுத்தாள். காகு சூடு பிடித்தார். வங்காளத்துப் பேய்கள் வீடிழந்து தவிக்கின்றனவாம். பிரம்மதைத்தியன் என்கிற பிராமணப் பேய் வில்வ மரத்தில்தான் குடியிருக்கும். ஃபிளாட் கட்டுகிறோம் என்று வில்வத்தையெல்லாம் வெட்டிவிட்டால் அவன் எங்கே போவான்? "அவனுக்கு ஒரு தோட்டம் செய்யேன்மா! நம்ம பேய், நம்ம மரம்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அது நிஜமாகவே பிடித்துப்போயிற்று. நோட்டை எடுத்தேன். வில்வத்துக்குப் பதில் குட்டையாக வெட்டிய ஜேட் செடி, தையல் நூலில் பூணூல், குளக்கரையில் ஒரு ஜோடி மரச்செருப்பு. காகு அளவு சொன்னார், திருத்தினார், செருப்பை இடதுபக்கம் தள்ளி வைக்கச் சொன்னார். மூன்றாவது தேநீர் போயிற்று. அப்பா செய்தித்தாளின் ஒரே பக்கத்தை அரைமணி நேரமாக வாசித்துக்கொண்டிருந்தார். இருந்த தைரியத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு, "என்னைக்கு வேணும், காகு?" என்று கேட்டேன்.

"எனக்கா? எனக்கு எதுக்கும்மா? மனசுல பட்டுச்சு, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

நம்மவர் கைவிடார்

வெளியூரில் நம்மவர்கள்தான் கைகொடுப்பார்கள் என்பது அம்மாவின் நம்பிக்கை. பவானிபூரில் இருக்கும் செல்வி அக்கா மதுரைக்காரர். கணவருக்கு ராணுவக் கணக்குப் பிரிவில் வேலை. என்னிடம் வாங்கியதிலேயே பெரிய தோட்டம் அவருடையது: பாலம், கிணறு, கல் படிக்கட்டு எல்லாம் உண்டு. துர்கா பூஜைக்கு ஒரு வாரம் முன்பு, "ஒரு எட்டு வந்துட்டுப் போ, உன்கிட்ட பேசணும்" என்று போன் செய்தார். "பாத்தியா, நான் சொல்லல?" என்றாள் அம்மா. மெட்ரோவில் நின்றபடியே அடுத்த தோட்டத்துக்கு ஒரு குளம் வைக்கலாம் என்று முடிவுசெய்திருந்தேன்.

அக்கா வீட்டுப் பால்கனியில் பாலத்தைக் காணோம். கிணற்றையும் காணோம். சட்டி நிறையக் கொத்தமல்லி தளதளவென்று நின்றது. நடுவில், கழுத்தளவு கொத்தமல்லியில், என் தேவதை. "வெறும் அழகுக்குன்னு ஒரு சட்டியை ஒதுக்க மனசு வரலடி. ரசத்துக்கு தினமும் கொத்தமல்லிக்கு எங்க போறது? மண்ணுல என்ன போட்ட, இப்படிச் செழிக்குது? அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்றார். தேங்காய்நார்த் தூள், மணல், மண்புழு உரம் என்று விகிதத்தோடு சொன்னேன். எழுதிக்கொண்டார். பொம்மையையாவது எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று மெல்லக் கேட்டேன்.

"ஐயோ, அவ இருக்கட்டும். அவ நின்னதுல இருந்து ஒரு காக்கா கிட்ட வரலடி."

தசமிக்குப் பிறகு

கீழ்வீட்டு பௌதியைச் சொல்ல வேண்டும். பௌதி என்றால் அண்ணி. மகாளயத்துக்கு முன்பே ஒரு தோட்டம் வாங்கிக்கொண்டு போனார். நான் செய்ததில் ஆகச் சிறந்தது அதுதான் என்று நினைத்திருந்தேன்; பாசி மூன்று வாரம் எடுத்துப் பிடித்திருந்தது. அதை அவர் வாசல் திண்டில் வைத்து, சுற்றிலும் சரவிளக்குப் போட்டு, பந்தல் போலத் துணி கட்டிவிட்டார். சப்தமியன்று மாடிப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று தேவதையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

பூஜை முடிந்தது. காளி பூஜைக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. தசமிக்கு அடுத்த நாட்களில் இனிப்போடு வீடு வீடாகப் போய் வாழ்த்துச் சொல்வது இங்கே வழக்கம். அப்படித் தேங்காய் உருண்டையோடு பௌதி வந்தார். "தோட்டம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "கரைச்சாச்சே!" என்றார். தசமியன்று பெண்கள் துர்கைக்குச் செய்வது போலவே தேவதைக்கும் கன்னத்தில் குங்குமம் தடவி, வாயில் இனிப்பு வைத்து, பேட்டைச் சிலையோடு லாரியில் ஏற்றி, படித்துறைக்குக் கொண்டுபோய் ஆற்றில் இறக்கிவிட்டார்களாம். வீடு, வேலி, மூன்று வாரப் பாசி, எல்லாம்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்தினேன். "பௌதி, அது தோட்டம்!"

"மண்ணு, புல்லு, ஒரு பொண்ணு பொம்மை. வாசல்ல நாலு நாள் விளக்குப் போட்டு வச்சாச்சு. தசமி தாண்டி வீட்டுல வச்சிருந்தா நல்லதா? ஆனா உன் பொம்மை முழுகவே இல்ல, பிளாஸ்டிக். துறையில காவலுக்கு நின்ன ஆள் அதை வெளியே எடுத்து என் கையில கொடுத்துத் திட்டினான். அடுத்த தடவை சுடாத பச்சை மண்ணுல செய்."

அப்பா செய்தித்தாளை மடித்தார். ஆறு வருடத்தில் சேகரித்த அத்தனை வங்காள வார்த்தைகளையும் திரட்டிக்கொண்டு, "ஆர் ஏக்டா?" என்று கேட்டார். இன்னொன்றா என்று அர்த்தம். பௌதி ஆமாம் என்று தலையாட்டி, இப்போதே எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்பா எளிதில் விடுகிறவர் இல்லை. அதற்கடுத்த வருடமும் வாங்குவீர்களா என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். வெட்கத்தைவிட்டுக் கேட்டேன். பௌதி எங்கள் இருவரையும் படிக்காதவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"துர்கா மா வருஷா வருஷம் வர்றா. இவ மட்டும் ஒரு தடவையோட நின்னுடுவாளா?"

ஆகவே, சக ஜீவன்களே, பூஞ்சை பிடிக்காமல், எறும்பு ஏறாமல், வருடக்கணக்கில் வாடாமல் இருக்கத் தோட்டம் செய்வது எப்படி என்று ஒரு வருடம் தலையை உடைத்துக்கொண்ட நான், இப்போது தண்ணீர் பட்ட ஐந்தாவது நிமிடம் அடையாளம் தெரியாமல் போய்விடும் தேவதைகளைச் செய்து, அப்பா வாயாலேயே தொழில்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.