ரெண்டு பேரும் போவோம்

ஹோட்டல் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவந்தாள் அவள். நாற்பத்திரண்டு வயது. நீராவி எழுந்து ஜன்னலை மூடும்போது எங்கோ மேகத்துக்குள் நிற்பதுபோலத் தோன்றும். அந்த மேகத்துக்குள் ஒருநாள் லிஃப்ட் மெக்கானிக் நுழைந்து, சட்டையில் பட்ட கிரீஸ் கறை போகுமா என்று கேட்டார். கறை போகவில்லை, அவர் வருவதும் நிற்கவில்லை.

ஆறாவது மாதம், "கட்டிக்கலாமா?" என்றார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. விரிப்புகள் படகுப் பாய்களாக உப்பி மிதந்தன. ஆனாலும் உள்ளே ஒரு முள். விட்டுப்போன புருஷன் போகாத இடமில்லை. அவள் ரத்தத்தில் அவன் ஏதாவது நோயை விட்டுப் போயிருப்பானோ என்று ஏழு வருஷமாக அவளுக்குப் பயம். யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மறுநாள் சொன்னாள். "முதல்ல ஹெச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கணும். ரெண்டு பேரும் போவோம்."

"என்னைச் சந்தேகப்படுறீங்களா?"

"எனக்கு என் மேலயே பயம். தனியாப் போகக் கால் வரல."

நான்கு நாள் ஆளைக் காணோம். ஐந்தாம் நாள் வந்து தலைகுனிந்து நின்றார்.

"மறைக்க மனசு வரலங்க. போன மாசம் வெளியூர் வேலைக்குப் போனப்ப குடிச்சிட்டு ஒருத்திகிட்ட போனேன். ஆணுறைகூடப் போடல. நமக்கென்ன வந்துடப்போகுதுன்னு ஒரு தெனாவெட்டு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த விரிப்பை அவர்மேல் விட்டெறிந்தாள். வெள்ளைத் துணிக்குள் அவர் அசையாமல் நின்றார். "துணி அழுக்காகுது, கொடுங்க" என்று அவளே பிடுங்கிக்கொண்டாள். அன்று மாலையே இருவரும் போனார்கள்.

பரிசோதனை மையத்து ஆலோசகர் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் கேட்டார். முடிவு வந்ததும், "உங்களுக்கு இல்லம்மா" என்றார். ஏழு வருஷத்துப் பாரம் இறங்கியதில் அவளுக்கு அறையே லேசாகச் சுற்றியது. ஆலோசகர் மெக்கானிக்கிடம் திரும்பினார். "உங்களுக்கும் இப்போதைக்கு இல்ல. ஆனா புதுசாத் தொத்தியிருந்தா டெஸ்ட்ல தெரிய நாளாகும். மூணு மாசம் கழிச்சு மறுபடி வாங்க. அதுவரை சேர்ந்தா உறை கட்டாயம்."

"அதுவரை ஒண்ணுமே கிடையாது" என்றாள் அவள். ஆலோசகருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மூன்று மாதமும் வேலை முடிந்து ஆற்றுப்பாலத்தில் ஒரு கை இடைவெளி விட்டு நடந்தார்கள். சில நாள் கோபம் திரும்பி வந்து அவள் விறுவிறுவென்று முன்னே போய்விடுவாள். அவர் பின்னாலேயே வருவார். கீழே தண்ணீர் இருவர் நிழலையும் ஆட்டிக்கொண்டே போகும். தன்னோடு லிஃப்ட் வேலை செய்கிறவர்களிடம் தன் கதையை அவர் தானே சொன்னார். சிரித்தவர்களில் இரண்டு பேர் மறுவாரம் மையத்துக்குப் போய்வந்தார்கள்.

இரண்டாம் முடிவிலும் கிருமி இல்லை. சீட்டை அவள் மூன்று தடவை படித்தாள்.

"என்னங்க போட்டிருக்கு?" என்று அவர் எட்டிப் பார்த்தார்.

"அடுத்த மாசம் லீவு கிடைக்குமான்னு கேட்டு வைங்க" என்றாள்.