எந்தப் பெட்டியை வைத்துக்கொள்வது

ஜப்பானில் ஒசாகாவுக்குப் பக்கத்து ஊரான அமகசாகியில் பஸ் ஓட்டும் நிஷிவாகி மோரியோவுக்கு ஸ்டீயரிங்கைவிடச் சின்னச் சின்னக் குமிழ்களைத் திருகுவதில்தான் உயிர். மெத்தை அடுக்கும் சுவரலமாரியின் கீழ்த்தட்டை ஒன்பது வருஷத்துக்கு முன்பே பிடித்துக்கொண்டு, அதற்கு ஸ்டூடியோ என்று பெயரும் வைத்துவிட்டார். அக்கம்பக்கத்தில் பாடத் துணிந்தவர்கள் எல்லாரும் அதற்குள் குனிந்து நுழைந்து, மண்டியிட்டுப் பாடிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

பாட்டுக்கு எதிரொலி வேண்டுமென்றால் குளியலறையில் ஒரு ஸ்பீக்கரை வைத்துச் சமாளித்துவிடுவார். அதில் மகா கஞ்சம். ஆனால் கம்ப்ரஸர் என்றால் மனிதருக்குப் புத்தி பேதலித்துவிடும். குரல் திமிறினால் அமுக்கி, முனகினால் தூக்கிவிடும் பெட்டி அது. ஒரு வீட்டுக்கு ஒன்று தாராளம். அவரிடம் மூன்று இருந்தன. அதில் ஒன்று அமெரிக்காவில் செய்தது. ஜப்பானின் நூறு வோல்ட் மின்சாரம் அதன் கௌரவத்துக்குக் குறைச்சலாம். செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே வந்து உட்கார்ந்திருந்தது.

இந்த மே மாதம் குளிர்கால மெத்தைகளை உள்ளே வைக்க இடமில்லை என்றதும் மனைவி ஃபுசாயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஒரு பெட்டி இருக்கலாம், மற்ற இரண்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வீட்டை விட்டுப் போக வேண்டும். தப்பான பெட்டியை அனுப்பிவிட்டால் ஆயுசுக்கும் தூக்கம் வராது என்று மோரியோ நடுங்கிப்போனார்.

துணைக்கு நண்பர் குமேதாவைக் கூப்பிட்டார். குமேதா ஒரு காலத்தில் ஒசாகாவில் பெரிய ஸ்டூடியோவில் இருந்தவர். அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை, ஆனால் அவர் காதுக்கு ஊரில் தனி மரியாதை. வந்தவர் முதலில் ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுட்ட மாவு உருண்டைகள் எட்டைத் தீர்த்துக்கட்டினார். பிறகு, கண் பார்த்தால் காது ஏமாந்துவிடும், எது எந்தப் பெட்டி என்று தெரியாமல்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டார்.

அப்படியென்றால் அலமாரிக்குள் உட்கார்ந்து வயரை மாற்றி மாற்றி மாட்ட ஓர் ஆள் வேண்டும். பாடவும் வேண்டும். வழக்கமாகப் பாடும் மீன்கடைக்காரருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒன்பது வருஷமாகத் தூசி தட்டியதில் ஃபுசாயேவுக்கு எல்லா வயரும் அத்துப்படி என்பதால் பாட்டையும் அவள் தலையிலேயே கட்டி, உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். ஒரே பாட்டு, மூன்று தடவை, தடவைக்கு ஒரு பெட்டி.

முதல் தடவை கேட்டதுமே குமேதா முகத்தைச் சுளித்து, வெறும் தகரம் என்றார். இரண்டாவதைத் தேவலை என்றார். மூன்றாவதில் குரல் காதோரம் வந்து உட்கார்ந்தது. உச்சத்தில் வெடிக்கவில்லை, தாழ்ந்த இடத்தில் மூச்சுகூடக் கேட்டது. மோரியோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

குமேதா தொடையைத் தட்டினார். "இதாம்பா பெட்டி. மத்ததை எந்தக் குப்பையில வேணாப் போடு, இதை மட்டும் விட்டுடாதே."

அமெரிக்கப் பெட்டிதான் என்று மோரியோ அடித்துச் சொன்னார். டிரான்ஸ்ஃபார்மரின் மகிமை என்று குமேதாவும் ஒத்து ஊதினார். கதவைத் திறந்தார்கள். மூன்று பெட்டிகளிலும் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. மைக் வயர் மட்டும் மூன்றையும் மதிக்காமல் நேரே ரெக்கார்டருக்குப் போயிருந்தது.

"எதுலயும் மாட்டலைங்க," என்றாள் ஃபுசாயே.

குமேதா காதைத் தடவிக்கொண்டார். "அப்ப மூணாவது மட்டும் எப்படித் தங்கச்சி?"

"முதல்ல பயமா இருந்துச்சு. அடுத்து கால் மரத்துப் போச்சு. மூணாவதுல, மேல போறப்ப மைக்கை விட்டு விலகிக்கிட்டேன், கீழ வர்றப்ப கிட்ட வந்தேன். அவ்வளவுதான்."

மோரியோ கதவோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இப்படிப் பாடுவேன்னு ஒரு நாள்கூடச் சொல்லலியே நீ?"

"எங்க சொல்றது? ஒம்பது வருஷமா பாட்டுப் பதியறப்பல்லாம் என்கிட்ட நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். சத்தம் போடாதேன்னு."

மோரியோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று பெட்டிகளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் தூக்கி வாசலில் வைத்தார். வேண்டுமானால் தானே எடுத்துப்போய்ப் பார்த்துக்கொள்வதாகக் குமேதா கூசாமல் சொன்னார். காலியான இடத்தில் அடுக்கலாம் என்று ஃபுசாயே குளிர்கால மெத்தையைத் தூக்கினாள். மோரியோ அதை வாங்கிக் கூடத்திலேயே போட்டார்.

"அது இங்கேயே கெடக்கட்டும். நீ உள்ள காலை நீட்டி உக்காந்து பாடு."