கிறவல் பாதையும் காய்ந்த பாணும்

மகள் போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிளோடு வந்து போனதிலிருந்து வாசலடியில் கால் வைத்தால் ஏதோ குத்துகிறது. நேற்றுக் கூட்டும்போது பார்த்தேன், சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள். ரயரின் இடுக்குகளிலிருந்து கொட்டுப்பட்டவை. ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினேன். கிறவல். பிரெஞ்சுக்காரரின் பட்டணத்தில், லா சப்பலில், வெளிச்சம் வராத என் அறைக்குள் கிறவல்.

எங்கள் பக்கத்தில் தார் போடாத கல்லு ரோட்டை அப்படித்தான் சொல்வோம். கால் நோகிற ரோட்டு, ஊருக்கு ஒரு குறை. இங்கே பிள்ளைகள் அதைத் தேடிப் போகிறார்கள். மகளுக்கு ஒரு கந்தோரில் வேலை. வக்கான்ஸ் என்று லீவு விட்டால் அவளும் கூட வேலை செய்கிறவர்களும் சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போய்விடுவார்கள்.

"கார் ஒண்டும் வராதம்மா. சத்தம் இல்லை. ஒருத்தரும் இல்லை. அதுதான் வடிவு."

ஒருத்தரும் இல்லை என்பதற்காகத்தான் நாங்களும் அந்தப் பாதையால் போனோம். அதை அவளுக்கு நான் சொன்னதில்லை. தகப்பன் காணாமல் போனவர் என்பது மட்டும் தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அடுக்காகச் சொல்ல வராது. உங்களுக்கென்றால் நினைவு வருகிற மாதிரிச் சொல்கிறேன்.

அப்போது நானும் இவரும் பட்டணத்துக்கு வெளியே செவ்ரானில் ஒரு வீட்டின் ஓர் அறையில் இருந்தோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இந்த வயதிலும் கூச்சமாக இருக்கிறது. மற்ற அறையில் ராசண்ணை. அவரிடம் காட், இந்த நாட்டில் இருக்கலாம் என்கிற அட்டை, இருந்தது. எங்கள் இரண்டு பேரின் அகதி விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டுவிட்டது. காட் இல்லாதவர்களுக்கு ரயில் நிலையம், பஸ் தரிப்பு, சந்தி எல்லாமே பயம். எந்த மூலையில் பொலிஸ் நின்று கேட்கும் என்று தெரியாது. கார் போகாத கால்வாய்க் கரையில் மட்டும் நிற்கமாட்டார்கள்.

செவ்ரானைத் தாண்டிக் கால்வாயோடு போனால் கட்டடங்கள் முடிந்து வயல் தொடங்கும். அங்கே ஒரு தோட்டத்தில் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் பிடுங்கிக் கழுவிக் கட்டுகிற வேலையை ராசண்ணைதான் பிடித்துத் தந்தார். இன்றைக்கும் இந்தத் தெருக் கடைவாசலில் மண்ணோடு லீக்ஸ் கிடந்தால் அந்த மணம் மூக்கில் ஏற முதல் விரல் நுனிகள் விறைத்துவிடும். அவ்வளவு குளிர்ந்த தண்ணீர். நான் லீக்ஸ் வாங்குவதில்லை.

எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. கலியாணம் கட்டி, நாடு விட்டு நாடு வந்த பிறகு அந்தக் கிறவலில்தான் பழகினேன். இவர் பின்சீற்றைப் பிடித்தபடி ஓடிவருவார்.

"கீழை பாராதையும். முன்னுக்குப் பாரும்!"

"விட்டிடாதேங்கோ, விட்டிடாதேங்கோ!"

"நான் எப்பவோ விட்டிட்டன்."

அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். போய் விழுந்த பற்றை எங்கள் ஊர்க் காஞ்சோண்டி மாதிரிச் சுணைக்கிற செடி. கை, முகமெல்லாம் தடித்துப்போய் இரண்டு நாள் வெளியே வரவில்லை. இவர் சிரித்த சிரிப்பு, அப்பப்பா.

அந்தப் பாதையில் ஒரேயொரு பயம் பாலங்கள். மேலே குறுக்காக ரோட்டு போகும். பாலத்தடியில் பொலிஸ் நின்றால் அருகில் போகும் வரைக்கும் தெரியாது. அதனால் நான் முன்னால் போவேன். இவர் பின்னால், பற்றை மறைவில் நிற்பார். ஒருவரும் இல்லையென்றால் நான் இரண்டு தரம் பெல் அடிப்பேன். அதன் பிறகுதான் வருவார். ஒவ்வொரு பாலத்துக்கும் இதே கூத்து. எனக்கும் காட் இல்லைத்தான். ஆனால் அதற்கும் ராசண்ணை ஒரு வழி வைத்திருந்தார்.

"தங்கச்சி, கூடையிலை நீட்டுப் பாண் ஒண்டை வையும். பாண் கொண்டுபோற பொம்பிளையை இந்த நாட்டிலை ஒருத்தனும் மறிக்கமாட்டான்."

பேக்கரி ரொட்டிதான், ஆனால் தின்பதற்கு இல்லை, காட்டுவதற்கு. ஆகவே ஒரே பாணே கிழமைக்கணக்காகப் போய்வரும். மழை பெய்தால் அதற்குப் பையால் முக்காடு போடுவேன். காய்ந்து விறகாகிவிடும்.

"தங்கச்சி, உதாலை ஒண்டு போட்டீரெண்டா பொலிஸ் செத்துப்போவான்" என்று ராசண்ணை பகிடி பண்ணுவார்.

மூன்றாவது பாலத்தடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மீன் பிடித்துக்கொண்டு இருப்பார். எங்களைத் தினமும் பார்க்கிறவர். ஒருநாள் கூடையைக் காட்டிக் கேட்டார். பின்னால் வந்த இவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார், "காலமை பாண் வெளியிலை போகுது, பின்னேரம் அதே பாண் திரும்பி வருது, காஞ்சு விசுக்கோத்தாக நேர்த்தி வைச்சிருக்கோ எண்டு கேக்கிறார்." எனக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டு சொல், ஓமும் நன்றியும். "உய், மெர்சி" என்றேன். கிழவர் தொப்பியைக் கழற்றினார். அவர் ஒருநாளும் எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை.

மகள் வயிற்றில் நாலு மாதம். ஒரு காலையில் பார்த்தால் இவருடைய பின்சக்கரம் தரையோடு கிடந்தது. முதல்நாள் கூரான கிறவல் கல் ஒன்று ரியூப்பை வெட்டியிருந்தது. ஒட்டுகிற சொலூசனும் காய்ந்துபோய்விட்டது. கடை திறக்க நேரம் இருந்தது.

"நீர் போம், முதலாளி கத்துவான். நான் பஸ்ஸிலை வாறன். ஒருநாள்தானே" என்றார்.

நான் போனேன். பின்னால் ஒருவரும் இல்லாவிட்டாலும் பாலத்துக்குப் பாலம் இரண்டு தரம் பெல் அடித்தேன், பழக்கதோசம். தோட்டத்தில் லீக்ஸ் கழுவிக்கொண்டே ரோட்டைப் பார்த்தேன். பஸ் வந்தது, போனது. மத்தியானம் வந்தது, போனது. பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது ராசண்ணை கதவடியில் நின்றார்.

"ஸ்ரேசன் பஸ் தரிப்பிலை மறிச்சவங்களாம், தங்கச்சி. ஆளைக் கொண்டுபோயிட்டாங்கள்."

விமானநிலையப் பக்கம் ஓர் இடத்தில் வைத்திருந்தார்கள். பார்க்கப் போகலாம், ஆனால் வாசலில் காட் காட்ட வேண்டும். நான் எதைக் காட்ட? ராசண்ணை போய் உடுப்புக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு பின்னேரம் இவர் ராசண்ணையின் ரெலிபோனுக்கு எடுத்தார். நான் வாங்கிக் காதில் வைத்ததும் கேட்டார்:

"ரியூப்பை ஒட்டிப்போட்டீரோ?"

"ஓம்" என்றேன். ஒட்டவில்லை.

"காத்தை இறுக்கி அடியாதையும். கிறவலுக்குக் கொஞ்சம் மெத்தெண்டு இருக்கவேணும்."

அவ்வளவுதான். அடுத்த கிழமை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியதைப் பார்த்தவர் உண்டு. ஒரு லொட்ஜில் நின்றதாகவும், அங்கே வந்து யாரோ கூட்டிக்கொண்டு போனதாகவும் சொன்னார்கள். யார், எங்கே, இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அங்கே அப்போது அப்படித்தான்.

நான் வேலையை விடவில்லை. வயிறு விடுகிற வரைக்கும் அந்தப் பாதையால் தனியே போனேன். கூடையில் அதே பாண். மூன்றாவது பாலத்தடியில் மீன்பிடிக்கிற கிழவர் எழும்பி, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "முசியு?" என்று, ஐயா எங்கே என்கிற மாதிரிக் கேட்டார்.

"உய், மெர்சி" என்றேன். வேறு சொல் இல்லை.

பிள்ளை பிறந்து, வளர்ந்து, எனக்கும் காட் கிடைத்தது. செவ்ரானை விட்டு இங்கே வந்தோம். ராசண்ணை செத்துப்போனார். வீடு மாறும்போது பாண் பைக்குள்ளேயே உதிர்ந்திருந்தது. கொட்ட மனமில்லை, தின்னவும் ஏலாது. கால்வாயில் தூவினேன், தாராக்கள் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை மகள் தான் ஓடிய வழியைப் படம் பிடித்து வந்து போனில் காட்டினாள். சைக்கிளின் முன்னுக்குக் கமெராவைக் கட்டிவிட்டாளாம். கிறவல் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், மா மாதிரி வெள்ளை. மூன்றாவது பாலம் வந்தது. கிழவர் இருந்த இடத்தில் குந்தியிருக்க ஒரு வாங்கு. இவர் மறைந்து நின்ற பற்றையை வெட்டிப் புல் விட்டிருக்கிறார்கள். மகள் ஒரு பாலத்துக்கும் வேகத்தைக் குறைக்கவில்லை. நேரே போனாள். நல்லது, அவள் ஏன் குறைக்க வேண்டும்?

"என்னம்மா, பெருவிரலாலை மேசையை அமத்திறீங்கள்?"

அப்போதுதான் பார்த்தேன். படத்தில் பாலம் வரும் போதெல்லாம் என் விரல் இரண்டு தரம் அமத்திக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒண்டுமில்லை, பிள்ளை. உன்ரை சைக்கிள்ளை பெல் இல்லையோ?"

"இப்ப ஒருத்தரும் பெல் பூட்டுறேல்லை, அம்மா."