சாமித்தட்டில் வைத்த போத்தல்

நான் ஒக்லாந்தில், லின்ஃபீல்டுப் பக்கம் முதியோர் இல்லமொன்றில் ஷிஃப்ட் வேலை செய்கிறேன். என் கணவருக்குத் தீராத முதுகு நோ. வேறு மருந்துகள் சரிவராததால், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெயை டாக்டர் எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் மருந்தென்றால் சாமிப் படங்கள் வைத்திருக்கும் சாமித்தட்டில்தான் இருக்கும். திருநீறு பூசிவிட்டுத்தான் குடிப்போம். அந்தப் போத்தலையும் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதல் மாதம் நிமிர்ந்து நடந்தார். பிறகு, "மருந்துக்கு நோ கேக்குதில்லையப்பா" என்று தொடங்கினார்.

"எல்லாத்துக்கும் ஒரு சாட்டு. கொஞ்சம் பொறுங்கோவன்" என்றேன். வேலைக் களைப்பு எனக்கு. அதன்பிறகு அவர் நோவைப் பற்றிக் கதைக்கவேயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினார்.

அடுத்த போத்தல் எடுக்கப் போனபோது பழையதையும் கொண்டுபோனேன். மருந்துக்கடையில் நின்ற மலேசியத் தமிழ்ப் பெண் பழைய போத்தலிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்த்தார். எண்ணெய் கறுத்திருந்தது.

"எங்க வச்சிருந்தீங்க ஆன்ட்டி?"

சொன்னேன்.

"சூடும் வெளிச்சமும் பட்டா இதோட சக்தி கொறஞ்சிரும். லேபிள்லயே போட்டிருக்கே."

இப்போது போத்தல் இருட்டு அலுமாரிக்குள் இருக்கிறது, திறந்த திகதியும் எழுதியிருக்கிறேன். நோகுது என்று அவர் சொன்னால் முதலில் போத்தலைத்தான் சந்தேகிப்பேன். ஆனால் அவர் சொல்வதையே விட்டுவிட்டார். தினமும் நானாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.